பெயர்ப் பட்டியலும் சம்பளப் பட்டியலும்

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)

இன்றைய வகுப்புக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் அமெரிக்கா. 1940-களின் பிற்பகுதியிலும் 1950-களிலும் அந்த நாட்டில் பயம் எப்படி ஆட்சி நடத்தியது, ரகசியப் போலீஸ் வீட்டுக்குள்ளும் தொழிற்சாலைக்குள்ளும் எப்படிப் புகுந்தது என்பதைப் பார்க்கப் போகிறோம்.

“அது பணக்கார தேசம். அங்கே நடந்த சங்கதி நமக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். அந்த தேசத்தில் கோடீசுவரர்களும் சினிமா நட்சத்திரங்களும் மட்டும் இருக்கவில்லை. புகையிலை ஆலையில் இலைக்கு நரம்பு உருவிய பெண்கள் இருந்தார்கள். துத்தநாகச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் இருந்தார்கள். கப்பலில் சமையல் செய்து பிழைத்தவர்கள் இருந்தார்கள். அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர் ஹாலிவுட்டைப் பற்றியே அதிகம் எழுதினார்கள். கூலிக்காரர்களின் கதை பின்னால் தள்ளப்பட்டது. அந்தக் கதையைத்தான் இன்று முன்னே இழுத்து வைக்கப் போகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டு பேர் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்கள். சில நூறு பேர் சிறைக்குப் போனார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையை இழந்தார்கள் என்பது வரலாற்று ஆசிரியர்கள் போடும் கணக்கு. இதைக் கவனியுங்கள், தோழர்களே! சிறை சில நூறு பேருக்கு. வேலை நீக்கம் பல ஆயிரம் பேருக்கு. ஆக, அந்தப் பயத்தின் முக்கியமான ஆயுதம் விலங்கு அல்ல, கூலிதான். பெயர்ப் பட்டியலில் ஒரு பெயர் ஏறினால் சம்பளப் பட்டியலிலிருந்து அந்தப் பெயர் இறங்கும். இதுதான் சூட்சுமம்.

மெக்கார்த்தி ஒருவர் செய்த வேலையா?

இந்தக் காலத்துக்கு ‘மெக்கார்த்தியிசம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜோசப் மெக்கார்த்தி விஸ்கான்ஸின் மாகாணத்து செனட்டர். 1950 பிப்ரவரி 9-ந் தேதி மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் என்ற ஊரில் ஒரு கூட்டத்தில் பேசினார். அரசாங்கத்தின் வெளிநாட்டு இலாகாவில் 205 கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள், பட்டியல் தம் கையில் இருக்கிறது என்று சொன்னதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. சில நாளில் 205 என்பது 57 ஆயிற்று. பிறகு செனட்டில் பேசும்போது 81 ஆயிற்று. கறிகாய்க் கடையில்கூட விலை இவ்வளவு வேகமாக மாறாது! அந்தப் பட்டியலை அவர் கடைசிவரை வெளியே காட்டவில்லை.

ஆனால் மெக்கார்த்தி வந்தது 1950-ல். பயம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1946-ம் ஆண்டைப் பாருங்கள். யுத்தம் முடிந்திருந்தது. யுத்த காலத்தில் முதலாளிகள் கொள்ளை லாபம் அடித்தார்கள். தொழிலாளியின் கூலியோ கட்டுப்பாட்டில் இருந்தது. விலைவாசி ஏறிற்று. அந்த ஒரே ஆண்டில் 46 லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உருக்காலைகள் நின்றன, மோட்டார் தொழிற்சாலைகள் நின்றன, நிலக்கரிச் சுரங்கங்கள் நின்றன. அமெரிக்க வரலாற்றில் அதுவரை அப்படி ஒரு வேலைநிறுத்த அலை அடித்ததில்லை. இந்தச் சங்கங்களைக் கட்டிய ஊழியர்களில் கம்யூனிஸ்டுகள் கணிசமாக இருந்தார்கள் என்பதும் உண்மை. அலையைத் தடுக்க ஒரு கரை வேண்டும் என்று முதலாளிகள் தேடினார்கள். ‘கம்யூனிஸ்ட் அபாயம்’ என்பதே அந்தக் கரை.

சோவியத் நாடு 1949-ல் அணுகுண்டு வெடித்ததும், அதே ஆண்டில் சீனாவில் புரட்சி வென்றதும், 1950-ல் கொரிய யுத்தம் மூண்டதும் சாதாரண ஜனங்களின் மனதில் நிஜமான பயத்தை உண்டாக்கின. அதை மறுக்க வேண்டியதில்லை. ஜனங்களின் அந்தப் பயத்தைப் பிடித்து, தங்கள் ஆலை வாசலில் காவலுக்குக் கட்டினார்கள் முதலாளிகள்.

முகம் காட்டாத சாட்சி

1947 மார்ச் 21-ந் தேதி ஜனாதிபதி ட்ரூமன் ஓர் உத்தரவு போட்டார். மத்திய சர்க்காரில் வேலை செய்யும் ஒவ்வொருவரும், இனி வேலைக்கு வரும் ஒவ்வொருவரும், ராஜ விசுவாசம் உள்ளவர்தானா என்று பரிசோதிக்க வேண்டும். எஃப்.பி.ஐ. என்னும் ரகசியப் போலீஸ் இலாகா பெயர்களைச் சலிக்கும். சந்தேகம் என்றால் விசாரணை. அந்த ஆண்டு டிசம்பரில் ‘நாசகார ஸ்தாபனங்கள்’ என்று அட்டர்னி ஜெனரல் ஒரு பட்டியலை வெளியிட்டார். அதில் உள்ள ஏதாவது ஒரு சங்கத்தில் பத்து ஆண்டுகளுக்கு முன் சந்தா கட்டியிருந்தாலும் போதும், சந்தேகம் வந்துவிடும்.

என்ன கேள்வி கேட்டார்கள் தெரியுமா? என்ன புத்தகம் படிக்கிறாய்? கறுப்பு இனத்தவர் உன் வீட்டுக்கு விருந்துக்கு வருவது உண்டா? பால் ராப்ஸனின் இசைத்தட்டு வைத்திருக்கிறாயா? இப்படிப்பட்ட கேள்விகள்! ராப்ஸன் உலகப் புகழ் பெற்ற கறுப்பினப் பாடகர். அவருடைய பாஸ்போர்ட்டையே 1950-ல் பறித்து, 1958 வரை நாட்டை விட்டு வெளியே போக முடியாமல் செய்தார்கள்.

டாரத்தி பெய்லி என்ற பெண்மணியின் வழக்கைப் பாருங்கள். வேலைவாய்ப்பு இலாகாவில் வேலை பார்த்தவர். சர்க்கார் ஊழியர் சங்கத்தின் ஒரு கிளைக்குத் தலைவர். அவர் கம்யூனிஸ்ட் என்று யாரோ சொன்னார்களாம். யார் சொன்னது? அவருக்குச் சொல்லவில்லை. எப்போது, எங்கே? அதுவும் சொல்லவில்லை. அவர் சத்தியப் பிரமாணம் செய்து மறுத்தார். அவருக்காகப் பலர் எழுத்து மூலம் சாட்சியம் கொடுத்தார்கள். யுத்த காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பர் இரத்தத்தையும் வெள்ளையர் இரத்தத்தையும் தனித்தனியாக வைத்ததை எதிர்த்துக் கடிதம் எழுதினாயா என்று அவரிடம் கேட்டார்கள். இரத்தத்தில் ஜாதி பார்க்காதே என்று சொன்னால் ராஜத் துரோகம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், விசாரித்த சபையின் தலைவருக்கே குற்றம் சாட்டியவர்கள் யார் என்று தெரியாது. தெரியாது என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். மறைவில் சொன்னவர்கள் சத்தியம் செய்து சொல்லவும் இல்லை. ஆனாலும் பெய்லியின் வேலை போயிற்று. 1951-ல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்தார்கள். அதனால் கீழ்க்கோர்ட் தீர்ப்பு நின்றது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. 1947 முதல் 1956 வரை சர்க்கார் வேலையிலிருந்து இப்படி நீக்கப்பட்டவர்கள் சுமார் 2,700 பேர். ராஜிநாமா செய்து போனவர்கள் சுமார் 12,000 பேர். மற்ற லட்சக்கணக்கானவர்கள் என்ன செய்தார்கள்? பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பத்திரிகையை மடித்து மறைத்து வைத்தார்கள். சங்கக் கூட்டம் என்றால் தலைவலி என்றார்கள். ஒருவரை நீக்கி நூறு பேரை ஊமையாக்குவது, இதுதான் இந்த வித்தையின் லாபக் கணக்கு.

புகையிலை ஆலையில்

சர்க்கார் உத்தியோகஸ்தர்களை விட்டு ஆலைக்கு வருவோம்.

வட கரோலினா மாகாணத்தில் வின்ஸ்டன்-சேலம் என்று ஓர் ஊர். ரெனால்ட்ஸ் புகையிலைக் கம்பெனியின் ஊர். ‘கேமல்’ சிகரெட் செய்வது இவர்கள்தான். சுமார் பத்தாயிரம் தொழிலாளர். இலையில் நரம்பு உருவுவது போன்ற, தூசியும் புழுக்கமும் நிறைந்த வேலைகள் கறுப்பினத்தவருக்கு. அதிலும் பெரும்பகுதி பெண்களுக்கு. 1943 ஜூன் 17-ந் தேதி வேலை நேரத்தில் ஒரு தொழிலாளி அங்கேயே விழுந்து இறந்தார். நரம்பு உருவும் பெண்கள் கையை மடக்கி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு அந்தத் தீ பரவிற்று. அதிலிருந்து பிறந்தது உணவு, புகையிலை, விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் 22-ம் கிளை.

அந்தக் கிளை கூலி உயர்வு மட்டும் வாங்கித் தரவில்லை. படிக்க வாசகசாலை வைத்தது. ஓட்டுரிமை இருந்தும் ஓட்டுப் பதிவு செய்ய அஞ்சிய கறுப்பின மக்களைக் கைப்பிடித்து அழைத்துப் போய்ப் பதிவு செய்தது. அதன் பலனாக 1947-ல் அந்த ஊர் நகரசபைக்கு ஒரு கறுப்பினத்தவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். நரம்பு உருவிய பெண்கள் கம்பெனி நிர்வாகிகளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒப்பந்தம் பேசினார்கள். கம்பெனிக்கு இதைவிட வேறு அபாயம் வேண்டுமா?

1947-ல் அங்கே வேலைநிறுத்தம் நடந்தபோது உள்ளூர்ப் பத்திரிகை கொட்டை எழுத்தில் ஒரு செய்தி போட்டது: சங்கத்தைக் கம்யூனிஸ்டுகள் பிடித்துவிட்டார்கள்! பின்னாலேயே ‘அமெரிக்க விரோத நடவடிக்கை விசாரணைக் கமிட்டி’ என்னும் பார்லிமெண்டுக் கமிட்டி விசாரணைக்கு வந்தது. சங்கத் தலைவர்களில் சிலர் கம்யூனிஸ்டுகள்தான்; அதில் ஒளிவு மறைவு இல்லை. அவர்களைத் தேர்ந்தெடுத்தது யார்? ஆலையில் வேலை செய்த பெண்கள். எதற்காக? இறந்தவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இராமல் இருந்ததற்காக.

அந்த ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்கப் பார்லிமெண்ட் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தை நிறைவேற்றிற்று. அதில் ஒரு விதி: சங்க நிர்வாகி ஒவ்வொருவரும், தாம் கம்யூனிஸ்ட் அல்ல என்று சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அந்தச் சங்கத்தின் பெயர் சர்க்கார் நடத்தும் அங்கீகாரத் தேர்தலின் ஓட்டுச் சீட்டில் வராது. பொய்யாகப் போட்டதாகச் சொன்னால் சிறை. முதலாளி இப்படி ஏதாவது பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டுமா? வேண்டாம்! வாக்குறுதி ஒரு பக்கத்துக்கு மட்டும்.

சங்கத் தலைமை கையெழுத்துப் போட மறுத்தது. 1948-ல் ஒப்பந்தம் முடிந்ததும் கம்பெனி புதுப்பிக்க மறுத்தது. நரம்பு உருவும் பகுதிகளில் இயந்திரத்தைக் கொண்டுவந்து, சங்கம் பலமாக இருந்த இடத்திலேயே ஆட்குறைப்புச் செய்தது. இதற்கு மேல் ஒரு வேதனை. சி.ஐ.ஓ. என்ற தாய் ஸ்தாபனம், இடதுசாரிகள் தலைமையில் இருந்த 11 சங்கங்களை 1949, 1950-ம் ஆண்டுகளில் வெளியே தள்ளிற்று. ஏறத்தாழ பத்து லட்சம் அங்கத்தினர்கள் போனார்கள். வின்ஸ்டன்-சேலத்துக்குப் போட்டிச் சங்கம் ஒன்றை சி.ஐ.ஓ.வே அனுப்பிற்று. 1950 தேர்தலில் 22-ம் கிளை மிகச் சொற்ப ஓட்டில் தோற்றது. அத்துடன் அந்தச் சங்கத்தின் கதை முடிந்தது.

தென் மாகாணங்களின் மில்களில் சங்கம் அமைக்க 1946-ல் சி.ஐ.ஓ. பெரிய இயக்கம் தொடங்கியது. கம்யூனிஸ்டுகளையும் இடதுசாரிகளையும் தூர நிறுத்தினால் முதலாளி சங்கத்தை விட்டு வைப்பான் என்று எண்ணி, அவர்களை ஒதுக்கிவிட்டே நடத்தியது. முதலாளி விட்டு வைத்தானா? அவனுக்கு எல்லாச் சங்கமும் சிவப்புத்தான். அந்த இயக்கம் தோற்றது. இன்றைக்கும் அமெரிக்காவில் சங்கம் மிகப் பலவீனமாக இருக்கும் பகுதி அந்தத் தென் மாகாணங்கள்தான். அதற்கு நிறவெறி, சட்டம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கருப்பினப் பெண்களும் இடதுசாரிகளும் சேர்ந்து கட்டிய அடித்தளத்தை அன்று இடித்ததும் ஒரு காரணம்.

சுரங்கத்தில் ஒரு கதை

இப்போது நாட்டின் மேற்குப் பக்கம், நியூ மெக்சிகோ மாகாணத்துக்குப் போவோம். எம்பயர் ஜிங்க் என்ற துத்தநாகக் கம்பெனியின் சுரங்கம். தொழிலாளிகள் பெரும்பாலும் மெக்சிகோ வம்சத்தவர். வெள்ளைத் தொழிலாளியின் குவார்ட்டர்ஸில் குழாய்த் தண்ணீர் உண்டு; இவர்களுடைய வீட்டில் இல்லை. 1950 அக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. 1951 ஜூனில், சுரங்கத் தொழிலாளிகள் மறியல் செய்யக்கூடாது என்று கோர்ட் தடை உத்தரவு போட்டது. “உத்தரவு தொழிலாளிகளுக்குத்தானே? எங்களுக்கு இல்லையே!” என்று அவர்களுடைய மனைவிமார்கள் மறியலுக்கு வந்து நின்றார்கள். கண்ணீர்ப்புகை வந்தது, அசையவில்லை. குழந்தைகளோடு சேர்த்துச் சிறையில் அடைத்தார்கள்; வெளியே வந்து மறுபடி நின்றார்கள். பதினைந்து மாதம் நடந்த போராட்டம் 1952 ஜனவரியில் முடிந்தபோது கூலி உயர்ந்தது. பின்னர் வீடுகளுக்குக் குழாயும் வந்தது.

ஹாலிவுட்டில் கறுப்புப் பட்டியலில் ஏறி வேலை இழந்திருந்த சிலர் இந்தக் கதையை ‘மண்ணின் உப்பு’ என்ற பொருளில் பெயர் வைத்துச் சினிமாவாக எடுத்தார்கள். டைரக்டர் ஹெர்பர்ட் பிபர்மன், விசாரணைக் கமிட்டிக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறை போன பத்துப் பேரில் ஒருவர். நடித்தவர்களில் பெரும்பாலோர் அந்தச் சுரங்கத் தொழிலாளிகளும் அவர்கள் மனைவிமாருமே. படம் எடுத்து முடிப்பதற்குள் கதாநாயகியாக நடித்த மெக்சிகோ நடிகை ரோஸௌரா ரெவுவெல்டாஸைக் குடியேற்ற அதிகாரிகள் கைது செய்தார்கள். ஃபிலிம் கழுவ லேபரட்டரிகள் மறுத்தன. படத்தை ஓட்டக்கூடாது என்று ஆபரேட்டர்கள் சங்கத்தின் தலைமையே சொல்லிற்று. 1954-ல் நாடு முழுவதிலும் பத்துப் பன்னிரண்டு தியேட்டர்களில்தான் படம் ஓடிற்று. அதே படத்தை 1992-ல் தேசத்தின் பொக்கிஷம் என்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியல்களில் இப்படியும் ஒன்று உண்டு!

அந்தப் போராட்டத்தை நடத்திய சங்க ஊழியர் கிளின்டன் ஜென்க்ஸ். டாஃப்ட்-ஹார்ட்லி பத்திரத்தில் பொய்யாகக் கையெழுத்துப் போட்டார் என்று அவர் மீது வழக்கு. முக்கிய சாட்சி ஹார்வி மாட்டுஸோ என்பவன். கட்சியில் அங்கத்தினனாக இருந்துகொண்டே எஃப்.பி.ஐ.யிடம் கூலி வாங்கியவன். ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொல்வதே அவன் தொழில். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஞாயிறு மலர்ப் பகுதியில் மட்டும் 126 கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள் என்று ஒரு சமயம் சொன்னான். அந்தப் பகுதியில் அத்தனை பேர் வேலையிலேயே இல்லை! இப்படிப்பட்டவன் சொல்லை நம்பி 1954-ல் ஜென்க்ஸுக்கு ஐந்து ஆண்டு தண்டனை விதித்தார்கள்.

1955-ல் மாட்டுஸோ தானே புத்தகம் எழுதினான். நான் சொன்னது பொய் என்றான். சர்க்கார் என்ன செய்தது? அவனைச் சிறையில் போட்டது. எதற்கு? பொய் சொன்னதற்கா? இல்லை! பொய் சொல்லச் சொன்னார்கள் என்று சொன்னது பொய்யாம், அதற்கு! ஆயிரம் பொய் சொன்னபோது படி கொடுத்தார்கள். அதை வெளியே சொன்னபோது விலங்கு மாட்டினார்கள்.

ஜென்க்ஸ் விடவில்லை. “இந்த ஆள் எஃப்.பி.ஐ.யிடம் அப்போது என்ன எழுதிக் கொடுத்தான்? அந்தக் காகிதத்தைக் காட்டு. கோர்ட்டில் சொன்னதும் அதுவும் ஒத்துப்போகிறதா பார்க்கலாம்” என்று கேட்டார். 1957 ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. சர்க்கார் காகிதத்தைக் காட்ட வேண்டும், இல்லையானால் வழக்கை விட வேண்டும். சர்க்கார் வழக்கை விட்டது.

ரகசியப் போலீஸின் அலமாரி

அந்தக் காகிதங்கள் இருந்த அலமாரிக்கு ஒரு காவலாளி இருந்தார். அவர் பெயர் ஜே. எட்கர் ஹூவர். 1924 முதல் 1972-ல் சாகும்வரை 48 ஆண்டுகள் அந்த இலாகாவின் தலைவர். எட்டு ஜனாதிபதிகள் வந்து போனார்கள், அவர் போகவில்லை. மெக்கார்த்தி கூச்சல் போட்டவர். ஹூவர் ஓசைப்படாமல் எழுதி வைத்தவர். கூச்சலைவிட எழுத்து பொல்லாதது.

டெலிபோனில் ஒட்டுக்கேட்டார்கள். தபாலைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆள் இல்லாத நேரத்தில் பூட்டைத் திறந்து ஆபீசுக்குள் புகுந்து காகிதங்களைப் போட்டோ எடுத்தார்கள். தொப்பியும் கோட்டும் போட்ட இருவர் ஒரு தொழிலாளியின் மேனேஜரைப் பார்க்க வருவார்கள்; வீட்டுக்காரரைப் பார்ப்பார்கள்; பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். “சும்மா விசாரிக்கத்தான் வந்தோம்” என்பார்கள். அவ்வளவுதான். அடுத்த வாரம் கணக்கு முடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

அவசரகாலம் வந்தால் உடனே பிடித்து அடைப்பதற்கென்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். 1954-ல் அதில் சுமார் 26,000 பெயர்கள். 1950-ம் ஆண்டு மக்காரன் சட்டம் இதற்கு வழி செய்தது. ஆறு முகாம்களைத் தயார் செய்தார்கள். அவற்றில் ஒன்று டூலி ஏரி முகாம். யுத்த காலத்தில் ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர்களை அடைத்து வைத்த அதே இடம். நல்ல வேளையாக முகாம்களுக்கு ஆள் அனுப்பவில்லை. அந்தச் சட்டப் பகுதி 1971-ல் ரத்தாயிற்று.

1956-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வேவு பார்ப்பது போதாது, உள்ளே புகுந்து குலைக்க வேண்டும் என்று ஒரு ரகசியத் திட்டம். பொய்க் கடிதம், மொட்டைக் கடிதம், ஒருவருக்கொருவர் சந்தேகம் மூட்டுவது. பின்னால் செனட் கமிட்டி எடுத்த கணக்கின்படி இப்படி 2,370 காரியங்கள் செய்தார்கள். அவற்றில் 1,388 கம்யூனிஸ்ட் கட்சிக்கு எதிரானவை.

அதில் ஒன்றைச் சொல்கிறோம். வில்லியம் ஆல்பர்ட்ஸன் நியூயார்க் மாகாணக் கட்சித் தலைவர்களில் ஒருவர். வாழ்நாள் முழுவதும் கட்சிக்கு உழைத்தவர். 1964-ல் ஒரு காரில் ஒரு காகிதம் கிடைத்தது. அவர் கையெழுத்து மாதிரியே எழுதிய, போலீசுக்குக் கொடுத்த வேவு அறிக்கை. எழுதியது எஃப்.பி.ஐ. ஆனால் தோழர்கள் என்ன செய்தார்கள்? நம்பினார்கள். அவரைக் காட்டிக்கொடுத்தவன் என்று கட்சியிலிருந்து விலக்கினார்கள். நண்பர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். அவர் 1972-ல் இறந்தார். பிறகுதான் உண்மை வெளியே வந்தது. 1989-ல் சர்க்கார் அவருடைய விதவைக்கு 1,70,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இதை ஏன் சொல்கிறோம்? எதிரியின் பயம் நம் வீட்டுக்குள்ளும் வரும். பெய்லியை எப்படி விசாரித்தார்களோ அப்படியே ஆல்பர்ட்ஸனை அவருடைய தோழர்களே விசாரித்தார்கள். காகிதம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. அவர் மறுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு கேள்விக்குப் பதில்

“அப்படியானால் உளவாளிகளே இல்லையா?” என்று கேட்பவர்களுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். இருந்தார்கள். சோவியத் தந்திகளை அமெரிக்க ராணுவம் இரகசியமாகப் படித்திருந்தது. 1995-ல் அவற்றை வெளியிட்டார்கள். சர்க்கார் வேலையில் இருந்த சிலர் சோவியத் உளவு இலாகாவுக்குத் தகவல் கொடுத்தது அதிலிருந்து தெரிகிறது. 1953 ஜூன் 19-ந் தேதி கொல்லப்பட்ட ரோஸன்பர்க் தம்பதியரில் கணவர் ஜூலியஸ் உளவில் சம்பந்தப்பட்டிருந்தார் என்பதும் தெரிகிறது. மனைவி எதெலைப் பற்றிய முக்கிய சாட்சியத்தைச் சொன்ன அவருடைய சொந்தச் சகோதரரே, அது பொய் என்று 2001-ல் ஒப்புக்கொண்டார். இரண்டு சிறுபிள்ளைகளின் தாயை அந்தச் சாட்சியத்தை வைத்துக் கொன்றார்கள்.

உளவாளி இருந்தால் அவனைப் பிடி, கோர்ட்டில் நிறுத்து, ருசுப்படுத்து. யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் நரம்பு உருவும் பெண்ணிடம் என்ன அணுகுண்டு ரகசியம் இருந்தது? கப்பல் சமையற்காரரிடம் என்ன ராணுவத் தந்தி இருந்தது? பத்துப் பேரைப் பிடிக்கும் வலை என்று சொல்லி, பத்தாயிரம் பேரின் சோற்றுப் பானையில் கை வைத்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வோம். மறைவில் சொல்லும் சொல்லை நம்பி மனிதரை அழிப்பது சோவியத் நாட்டில் ஸ்டாலின் காலத்தில் இதைவிடக் கொடூரமாக நடந்தது, உயிர்கள் போயின. 1956-ல் குருஷ்சேவே அதைச் சொன்னார். அதைக் கேட்டு அமெரிக்கக் கட்சியிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் விலகினார்கள். போலீஸ் அடக்குமுறை மட்டும் அந்தக் கட்சியை இளைக்கச் செய்யவில்லை. அநியாயம் எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் அநியாயம்தான்.

எப்படி உடைந்தது?

மெக்கார்த்தி விழுந்த கதை ஊரறிந்தது. 1954-ல் ராணுவத்தின் மேலேயே கை வைத்தார். விசாரணையை ஜனங்கள் டெலிவிஷனில் பார்த்தார்கள். அந்த டிசம்பரில் செனட் 67-க்கு 22 ஓட்டில் அவரைக் கண்டித்தது. 1957-ல் இறந்தார். ஆனால் அவர் விழுந்ததால் பட்டியல்கள் எரிந்துவிடவில்லை. பட்டியலை உடைத்தவர்கள் வேறு ஆட்கள்.

கப்பல் தொழிலாளிகள் உடைத்தார்கள். 1950-லிருந்து துறைமுகங்களில் ‘சலிக்கும்’ முறை இருந்தது. கடற்காவல் படை பாஸ் கொடுக்காவிட்டால் கப்பலில் ஏற முடியாது. யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லாமலே பலருடைய பாஸைப் பறித்தார்கள். கறுப்பினச் சமையற்காரர்கள் நிறைந்த சங்கத்துக்குத்தான் அடி அதிகம். அவர்கள் மறியல் செய்தார்கள், வழக்குப் போட்டார்கள். 1955-ல் மேற்குக் கரை அப்பீல் கோர்ட், குற்றம் சாட்டியவனை மறைத்து வைத்துக்கொண்டு பிழைப்பைப் பறிக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிற்று.

ஆர்ச்சி பிரௌன் என்ற சான்பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளி உடைத்தார். அவர் கம்யூனிஸ்ட், அதை ஒளித்ததே இல்லை. தெரிந்தே அவருடைய தோழர்கள் அவரைச் சங்க நிர்வாகக் கமிட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கம்யூனிஸ்ட் நிர்வாகியாக இருப்பதே குற்றம் என்று 1959-ல் வந்த சட்டப்படி அவருக்குத் தண்டனை விதித்தார்கள். 1965 ஜூனில் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அந்தச் சட்டப் பகுதியையே செல்லாது என்றது.

கடைசியில் அந்த அலமாரியையும் உடைத்தார்கள். 1971 மார்ச் 8-ந் தேதி இரவு, நாடே முகமது அலியும் ஃபிரேஸியரும் மோதிய குத்துச்சண்டையில் மூழ்கியிருந்தபோது, பென்ஸில்வேனியாவில் மீடியா என்ற சிற்றூரில் இருந்த எஃப்.பி.ஐ. ஆபீசின் பூட்டைத் திறந்து, காகிதங்களைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போனார்கள் ஒரு சிலர். ஒரு கல்லூரி ஆசிரியர், ஒரு டாக்ஸி டிரைவர், குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்த ஒரு பெண், இப்படிப்பட்டவர்கள். காகிதங்களைப் பத்திரிகைகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அந்த ரகசியத் திட்டத்தின் பெயரே அப்போதுதான் வெளியே வந்தது. எத்தனையோ பேரை மோப்பம் பிடித்த அந்த இலாகாவால் இவர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 2014-ல் அவர்களில் சிலர் தாமே முன்வந்து சொன்னார்கள். அந்தக் காகிதங்கள் இழுத்த நூலைப் பிடித்து 1975, 1976-ல் செனட் கமிட்டி விசாரித்தது. நீக்ரோ மக்களின் தலைவர் என்று அன்று உலகம் போற்றிய மார்ட்டின் லூதர் கிங்கின் டெலிபோனை ஒட்டுக்கேட்டதும், அவரைத் தற்கொலைக்குத் தூண்டும் மொட்டைக் கடிதம் 1964-ல் அனுப்பியதும் அம்பலமாயிற்று. 1975-ல் அந்த ‘அமெரிக்க விரோத’ விசாரணைக் கமிட்டியின் பரம்பரையும் ஒழிந்தது.

தோழர்களே! பெய்லி கேட்டதும், ஜென்க்ஸ் கேட்டதும், கப்பல் சமையற்காரர்கள் கேட்டதும் ஒரே விஷயம்தான். “சொன்னவன் யார்? முன்னே கொண்டு வா. எழுதியது என்ன? காட்டு.” மெத்தப் படித்த வக்கீலின் கேள்வி அல்ல இது. எந்தத் தொழிலாளியும் கேட்கக்கூடிய கேள்வி. கேட்டவர்கள் எல்லோரும் ஜெயிக்கவில்லை. பெய்லிக்கு வேலை கிடைக்கவில்லை. ஜென்க்ஸ் வழக்கில் வென்றும் சுரங்கத்தில் அவருக்கு வேலை கொடுக்க யாரும் இல்லை. நரம்பு உருவிய பெண்களின் சங்கம் திரும்பி வரவில்லை. இழந்தது இழந்ததுதான்.

ஆனால் சங்கம் எங்கே தோற்றது, எங்கே நின்றது என்று பாருங்கள். “அவனைத்தானே பிடித்தார்கள், நம்மை விட்டுவிடுவார்கள்” என்று பக்கத்து ஆளைக் கைவிட்ட இடத்தில் தோற்றது. பெயர் தெரிந்தும், கொள்கை தெரிந்தும், “இவர் எங்கள் ஆள்” என்று கை தூக்கிய இடத்தில் நின்றது. நாளைக்கு ஒரு மொட்டைக் கடிதம் உங்கள் சங்க ஆபீசுக்கு வந்தால், அதில் உங்களுக்குப் பிடிக்காத ஒருவருடைய பெயரே இருந்தாலும், ஆல்பர்ட்ஸனை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைப் படிப்பதற்கு முன் அனுப்பியவன் யார் என்று கேளுங்கள். அந்த மனிதரைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவர் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம், தோழர்களே.